ஃபார்மட்டுக்கு முன்னால் சில கேள்விகள்

மதுரையில் கம்ப்யூட்டர் கெட்டுப்போவதற்குப் பருவம் உண்டு. பங்குனி பிறந்ததும் 'ஹேங் ஆகுது', 'தானா ஆஃப் ஆயிருது' என்று புகார்கள் ஆரம்பிக்கும். சித்திரை, வைகாசியில் அது உச்சத்துக்குப் போகும். புரட்டாசி, ஐப்பசியில் இடி மழை இறங்கியதும் புகாரின் பாஷை மாறும்: 'நேத்து இடி இடிச்சதுல இருந்து நெட் எடுக்கல', 'கரண்ட் வந்து ஆன் பண்ணேன், டிஸ்ப்ளே வரல.' மார்கழியில் சர்வீஸ் கடைக்காரர் கொஞ்சம் உட்கார்ந்து டீ குடிக்கலாம். இயந்திரத்துக்கு நாள் நட்சத்திரம் தெரியாதுதான். வெயிலும் வோல்டேஜும் தூசியும் நன்றாகவே தெரியும்.

எந்தப் பருவத்தில் எந்தப் புகார் வந்தாலும் பல இடங்களில் கிடைக்கும் மருந்து மட்டும் ஒன்றுதான்: "ஃபார்மட் அடிச்சுருவோம்ணே." அடித்துவிட்டால் பெரும்பாலும் நாலு நாளைக்கு ஓடவும் செய்யும். அதனால்தான் அது இவ்வளவு செல்வாக்கோடு இருக்கிறது. ஃபார்மட் என்பது பழுதைக் கண்டுபிடிக்கும் வேலை அல்ல. பழுது விட்டுச்சென்ற தடயங்களையெல்லாம் துடைத்துப்போடும் வேலை. ஹார்டு டிஸ்க் சாகக் கிடக்கிறதா, ரேம் ஆடுகிறதா, ப்ராசஸர் கொதிக்கிறதா, இல்லை உண்மையிலேயே விண்டோஸ்தான் சிதைந்ததா என்ற கேள்விக்கு ஃபார்மட் பதில் சொல்லாது. கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பில் நேரத்தைத் தின்பது ஸ்க்ரூ கழற்றுவதோ பாகம் மாற்றுவதோ அல்ல. எங்கே என்று தெரியாமலே கை வைப்பதுதான்.

எங்கே என்று கண்டுபிடிப்பதற்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. சந்தேகப்பட 16 இடங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றாகப் பார்த்தால் துரதிர்ஷ்டசாலிக்கு 15 சோதனை தேவைப்படும். ஒரே கேள்வியில் பாதியைக் கழித்துவிடும்படி கேட்டால் 4 கேள்வி போதும்: 16, 8, 4, 2, 1. ஆகவே நல்ல மெக்கானிக்கின் முதல் கேள்வி 'ரேம் போயிருக்குமா?' என்பதாக இருக்காது. 'இது உடம்பிலா, மென்பொருளிலா?' என்பதாக இருக்கும்.

இந்தக் கேள்விக்கு விடை சொல்லும் கருவி ஒன்றைத் தமிழ்நாட்டு அரசே லட்சக்கணக்கான வீடுகளுக்குக் கொடுத்திருக்கிறது. சோதனைக் கருவியாக அது யாருக்கும் அறிமுகமாகவில்லை என்பதுதான் வேடிக்கை. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், மாநில அரசு நிறுவனமான எல்காட் வாங்கிக் கொடுத்த ஆரம்பகால லேப்டாப்களில் விண்டோஸ் ஒரு பக்கமும் பாஸ் லினக்ஸ் இன்னொரு பக்கமும் இருந்தன. பாஸ் என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இயங்குதளம். உசிலம்பட்டியிலும் மேலூரிலும் அந்த லேப்டாப்பை வாங்கிய பிள்ளைகளில் பலர் முதல் வாரத்திலேயே பாஸை அழித்துவிட்டு அந்த இடத்தில் சினிமா ஏற்றிக்கொண்டார்கள். அழிக்காமல் வைத்திருந்தவர்களிடம் அருமையான சோதனைச்சாலை ஒன்று இருந்தது. விண்டோஸில் ஹேங் ஆகிற மெஷின் பாஸிலும் அதே மாதிரி ஹேங் ஆனால், கோளாறு பெரும்பாலும் உடம்பில். பாஸில் ரெண்டு மணி நேரம் ஒழுங்காக ஓடினால், விண்டோஸைச் சந்தேகிக்கலாம். இன்றைக்கு எந்த லினக்ஸையும் பென்டிரைவில் ஏற்றி, ஹார்டு டிஸ்க்கைத் தொடாமலே அதிலிருந்து பூட் செய்து, ஹார்டு டிஸ்க் தவிர மற்றவற்றுக்கு இதே சோதனையைச் செய்யலாம். செலவு ஒரு பென்டிரைவ். இதைச் செய்யாமல் ஃபார்மட் அடிப்பவரிடம் நான் மெஷினைக் கொடுக்க மாட்டேன்.

பாதிப் பாதியாக வெட்டுவதோடு இன்னொரு கணக்கையும் சேர்க்க வேண்டும். எல்லாச் சோதனைக்கும் ஒரே விலை இல்லை. மெஷினுக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் டப்பா போயிருக்க நூற்றுக்கு 20 வாய்ப்பு, சோதிக்க 10 நிமிடம் ஆகும் என்று கொள்வோம். மானிட்டர் கேபிள் லூஸாக இருக்க நூற்றுக்கு 10 வாய்ப்புதான். ஆனால் அழுத்திப் பார்க்க அரை நிமிடம் போதும். எதை முதலில் பார்ப்பது? வாய்ப்பை நேரத்தால் வகுக்க வேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸுக்கு நிமிடத்துக்கு 2 வருகிறது, கேபிளுக்கு 20. கேபிள்தான் முதலில். பழுது ஒரே இடத்தில்தான் இருக்கிறது என்றால், இந்த வகுத்தல் விடை பெரியதிலிருந்து சிறியதாக வரிசை வைத்துத் தேடும்போது சராசரித் தேடல் நேரம் மிகக் குறைவாகும் என்பதைக் கணிதத்தில் நிரூபிக்கவே முடியும். 'ப்ளக் சரியா சொருகியிருக்கா?' என்று கேட்கும்போது நமக்குக் கோபம் வருகிறது. கேட்கிறவருடைய கணக்கு சரி.

இனி வெயிலுக்கு வருவோம். ஹீட்சிங்க்கும் ஃபேனும் ப்ராசஸரைக் குளிர வைப்பதாகச் சொல்கிறோம். அவை செய்வது சூட்டை அறைக் காற்றுக்குக் கடத்துவது மட்டுமே. அறைக் காற்றை விடக் கீழே அவற்றால் இறக்க முடியாது. வேலைப்பளு மாறாமல் இருந்தால் ப்ராசஸரின் வெப்பநிலை என்பது அறையின் வெப்பநிலையும் ஏறக்குறைய நிலையான ஒரு வித்தியாசமும் சேர்ந்தது. அந்த வித்தியாசம் 55 டிகிரி என்று வைத்தால், மார்கழியில் 27 டிகிரி அறையில் ப்ராசஸர் 82-இல் நிற்கும். மே மாதத்தில் மேல்மாடி அறை 38 ஆனால் 93. அதே மெஷினில் ஒரு வருஷத் தூசி அடைந்து வித்தியாசம் 62 ஆகிவிட்டதென்றால் கணக்கு 100-ஐத் தொடும். பெரும்பாலான ப்ராசஸர்கள் 100 டிகிரியை ஒட்டித் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். அதுவும் போதாவிட்டால் மெஷினையே அணைத்துவிடும். வெளியில் தெரிவது 'ஸ்லோ ஆயிருச்சு', 'தானா ஆஃப் ஆயிருது.' காலையில் நன்றாக ஓடுகிறது, மதியம் இரண்டு மணிக்கு மேல் மக்கர் செய்கிறது என்றால் வைரஸைத் தேட வேண்டாம். வைரஸுக்கு மதியம், காலை என்ற பேதம் இல்லை. கேபினெட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, எதிரே ஒரு டேபிள் ஃபேனை வைத்து ஓட்டிப் பாருங்கள். மக்கர் நின்றால் காரணம் சூடு. காசு செலவில்லாத சோதனை. அதற்காக மூடியைக் கழற்றியபடியே விட்டுவிடக் கூடாது. தூசிக்கு அது திறந்த வாசல்.

தூசியும் எல்லா இடத்திலும் ஒரே தூசி அல்ல. விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடைகளில், செல்லூர் மாதிரி தறி ஓடிய தெருக்களில் காற்றில் மிதப்பது பஞ்சு இழை. அது ஹீட்சிங்க்கின் தகடுகளுக்கிடையே நுழைந்து கம்பளிபோல் படிந்துவிடும்; ஃபேன் முழு வேகத்தில் சுற்றும், காற்று கொஞ்சமும் உள்ளே போகாது. மேலிருந்து பார்த்தால் எல்லாம் சுத்தமாகத் தெரியும். ஃபேனைக் கழற்றினால்தான் அந்தப் படலம் கண்ணில் படும். கிராமத்துப் பக்கம் வருவது மண் தூசி. அது ஊதினால் போய்விடும்.

ஊதுவதற்கு ஊரில் நடைமுறையில் உள்ள வழி, டூவீலர் பஞ்சர் கடைக்குத் தூக்கிப்போய்க் காற்றடிப்பது. தப்பில்லை, இரண்டு விஷயம் கவனித்தால். ஒன்று, கம்ப்ரஸர் டேங்கில் தண்ணீர் தேங்கியிருக்கும். முதல் சில நொடிக் காற்றை வெளியே விட்டுவிட்டுப் பிறகு மெஷின் பக்கம் திருப்பச் சொல்ல வேண்டும். இரண்டு, ஃபேனின் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றின் வேகத்தில் ஃபேன் தன் அளவுக்கு மீறிச் சுற்றினால் பேரிங் கெடும்; சுற்றுகிற மோட்டார் ஜெனரேட்டராகி போர்டுக்குள் மின்னழுத்தத்தைத் திருப்பி அனுப்பவும் கூடும். பையன்களுக்கு அந்த விர்ர் சத்தம் பிடிக்கும். போர்டுக்குப் பிடிக்காது.

சூடு இன்னொரு வேலையையும் மெதுவாகச் செய்கிறது. மதர்போர்டிலும் எஸ்எம்பிஎஸ்ஸிலும் சின்னச் சின்ன உருளைகளாக நிற்கும் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்களுக்குள் இருப்பது ஒரு திரவம். வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர்கள் கைக்கொள்ளும் விதி. 2000-களின் தொடக்கத்தில் தரமற்ற திரவம் நிரப்பிய கெப்பாசிட்டர்கள் உலகம் முழுக்கப் பரவி, கம்ப்யூட்டர்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. 2003 முதல் 2005 வரை டெல் நிறுவனம் விற்றவற்றில் குறைந்தது 1 கோடியே 18 லட்சம் கம்ப்யூட்டர்கள் இந்த ஆபத்தில் இருந்ததாகப் பின்னாளில் ஒரு வழக்கின் ஆவணங்களில் தெரியவந்தது. கெப்பாசிட்டரின் தலையில் பெருக்கல் குறி மாதிரி ஒரு கீறல் இருக்கும். உள்ளே வாயு சேர்ந்தால் வெடிக்காமல் அங்கே கிழியட்டும் என்று வைத்தது. தலை தட்டையாக இருந்தால் பெரும்பாலும் சரி. உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ அது போய்விட்டது. டார்ச் அடித்துப் பார்த்தாலே போதும், மல்டிமீட்டர் வேண்டாம். மதர்போர்டில் மட்டும்தான் இப்படிப் பார்க்க வேண்டும். எஸ்எம்பிஎஸ் டப்பாவைத் திறக்கக் கூடாது. 230 வோல்ட் உள்ளே 325 வோல்ட் நேர்மின்சாரமாக மாறித் தேங்கி நிற்கும், ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம்.

இந்த இடத்தில்தான் மதுரைக்காரர்களுக்கு நன்கு பழக்கமான ஒரு புதிர் வருகிறது: யூபிஎஸ் இருக்கிறது, ஆனாலும் கரண்ட் போனால் சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆகிறது. 2012-இல் சென்னைக்கு வெளியே நாளுக்கு 12 மணி நேரத்தைத் தாண்டிய மின்வெட்டுகளில், வீட்டுக்கு வீடு இன்வர்ட்டரும் யூபிஎஸ்ஸும் ஏறின. அன்றைக்கு ஆரம்பித்த புகார் இன்றும் ஓயவில்லை. கேட்டவுடன் சொல்லும் பதில் 'பேட்டரி போச்சு.' பாதி நேரம் அது உண்மை. மீதி நேரம்?

சாதாரண யூபிஎஸ் கரண்ட் போனதைக் கண்டுபிடித்து பேட்டரிக்கு மாறச் சில மில்லி நொடிகள், ஏறக்குறைய 4 முதல் 10 வரை, எடுத்துக்கொள்ளும். அந்த இடைவெளியில் மெஷினைத் தாங்குவது எஸ்எம்பிஎஸ்ஸின் பெரிய கெப்பாசிட்டரில் தேங்கியிருக்கும் மின்சாரம். நல்ல நிலையில் அது 16 மில்லி நொடிவரை தாங்கும். கெப்பாசிட்டர் காய்ந்துவிட்டால் 5 மில்லி நொடிக்குக்கூடத் தாங்காது. அப்போது யூபிஎஸ் தன் வேலையைச் சரியாகச் செய்யும்; மெஷின் அதற்குள் விழுந்திருக்கும். எது குற்றவாளி என்று பிரிக்க, கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டு யூபிஎஸ்ஸில் ஒரு 100 வாட் குண்டு பல்பைப் போட்டு, மெயினை அணைத்துப் பாருங்கள். பல்பு லேசாகக் கண் சிமிட்டிவிட்டுத் தொடர்ந்து எரிந்தால் யூபிஎஸ் பிழைத்தது, எஸ்எம்பிஎஸ்ஸைப் பாருங்கள். பல்பு உடனே அணைந்தால் பேட்டரி. எல்இடி பல்பு இதற்கு உதவாது. செத்துக்கொண்டிருக்கும் பேட்டரியும் 9 வாட்டைத் தாங்கும். வீட்டு இன்வர்ட்டரில் ஓட்டுபவர்கள் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். பல இன்வர்ட்டர்களில் 'யூபிஎஸ்', 'எக்கோ' என்று இரண்டு நிலை கொண்ட சுவிட்ச் ஒன்று இருக்கும். எக்கோவில் மாறும் நேரம் அதிகம். ஃபேனுக்கும் லைட்டுக்கும் அது தெரியாது, கம்ப்யூட்டருக்குத் தெரியும். அந்த சுவிட்ச்சைத் தள்ளாமல் புது பேட்டரி வாங்கியவர்கள் நிறையப் பேர்.

எர்த் கதையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. வெறுங்காலோடு தரையில் நின்று சிபியூவின் பின்பக்கத்தைத் தொட்டால் சுருக்கென்று ஒரு கூச்சம். 'பாடில ஷாக் அடிக்குதுண்ணே.' எஸ்எம்பிஎஸ்ஸின் வாசலில், இரைச்சலை வடிகட்ட, இரண்டு சிறு கெப்பாசிட்டர்கள் மின்கம்பிகளிலிருந்து உலோக உடலுக்கு இணைக்கப்பட்டிருக்கும். எர்த் இருந்தால் அவற்றின் வழி வரும் சிறு கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் கேபினெட் சுமார் 115 வோல்ட்டில், அதாவது 230-இல் பாதியில், மிதக்கும். ஓடும் மின்னோட்டம் பொதுவாக ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவு, ஆளைக் கொல்லாது. ஆனால் அப்படி மிதக்கும் சிபியூவில் பிரிண்டரையோ மானிட்டரையோ ஓடும்போதே சொருகினால் அந்தப் போர்ட் எரிய வாய்ப்புண்டு. உண்மையான மின்கசிவும் இதே மாதிரிதான் ஆரம்பத்தில் தெரியும் என்பதால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டே ஆக வேண்டும். திருமங்கலம், கல்லுப்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண் ஈரமாக இருக்கும்போது நன்றாகவே மின்சாரம் கடத்தும். கோடையில் அது வெடித்துப் பிளந்து எர்த் குழாயை விட்டு விலகிவிடும். உப்பும் கரியும் போட்ட குழியில் கோடை முழுக்க அவ்வப்போது ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்வது இதற்காகத்தான். கம்ப்யூட்டர் சர்வீஸில் அதுவும் சேர்த்தி.

இடியைப் பற்றி ஒரு வார்த்தை. மொட்டை மாடிக்கு மொட்டை மாடி செப்பு லேன் கம்பி இழுத்து நெட் கொடுக்கும் தெருக்களில், மின்னல் நேராக விழ வேண்டியதே இல்லை; பக்கத்தில் விழுந்தாலே அந்த நீளக் கம்பியில் மின்னழுத்தம் தூண்டப்பட்டு லேன் போர்ட் சாகும். 'போர்டு போச்சு' என்று சொல்லி மதர்போர்டையே மாற்றிவிடுவார்கள். மற்றதெல்லாம் ஓடுகிறதென்றால் யுஎஸ்பியில் சொருகும் ஒரு சின்ன லேன் அடாப்டர் போதும்.

எனக்குப் பிடித்த பழுது ஒன்று உண்டு, ஆள்மாறாட்டம் செய்கிற பழுது. ஒரு நாள் காலையில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் பேங்க் தளமும் திறக்கவில்லை, அரசுத் தளமும் திறக்கவில்லை. 'உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்கிறது. நெட்காரரைக் கூப்பிட்டுத் திட்டுகிறோம். அவர் லைனில் குற்றமே இல்லை. மூலையில் கடிகாரத்தைப் பாருங்கள்: தேதி பல வருஷம் பின்னால் போயிருக்கும். ஒவ்வொரு பாதுகாப்பான தளத்துக்கும் ஒரு சான்றிதழ், அதற்கு ஆரம்பத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. மெஷினின் தேதி பத்து வருஷம் பின்னால் இருந்தால், இன்னும் பிறக்காத சான்றிதழைக் காட்டுகிறார்களே என்று பிரவுசர் மறுக்கிறது. காரணம் மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 பட்டன் பேட்டரி, 3 வோல்ட், முழு மெஷினிலும் மலிவான பாகங்களில் ஒன்று. மெயின் ஆன் நிலையில் இருக்கும்வரை எஸ்எம்பிஎஸ்ஸின் காத்திருப்பு மின்சாரமே கடிகாரத்தை ஓட்டும். பட்டன் பேட்டரி சும்மா இருக்கும். தினமும் சாயங்காலம் மெயினை அணைத்துவிட்டுப் போகும் ஆபீஸ்களில் இரவெல்லாம் அதுதான் உழைக்கும், அதனால் சீக்கிரம் தீரும். மெயினை அணைப்பது நல்ல பழக்கம்தான், அதுவும் இடி மாதங்களில். சில வருஷத்துக்கு ஒருமுறை அந்தப் பேட்டரியை மாற்றிவிட்டால் ஆயிற்று.

'ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க' என்பதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. சிரிக்க ஒன்றுமில்லை. ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள் நினைவகத்தில் குப்பை சேர்த்துக்கொண்டே போகும், எண்ணிக்கைகள் ஏறிக்கொண்டே போகும். 2015-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறை போயிங் 787 விமானங்களுக்கு ஓர் உத்தரவு போட்டது. மின்சாரத்தை அணைக்காமல் 248 நாள் தொடர்ந்து ஓடினால் ஜெனரேட்டர் கட்டுப்பாட்டுக் கருவிகள் ஒரே நேரத்தில் நின்றுவிடக்கூடும், ஆகவே அதற்கு முன்பே அணைத்துப் போடுங்கள் என்றது. நொடியில் நூறில் ஒரு பங்கை எண்ணிக்கொண்டே போகும் 32 பிட் எண்ணி, 214 கோடியைத் தாண்டும்போது நிரம்பி வழிகிறது. நாளாக மாற்றினால் 248 சொச்சம். விமானத்துக்கே ரீஸ்டார்ட்தான் மருந்து.

ஆனால் நம் ஊரில் பலர் ரீஸ்டார்ட் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு செய்யாமலே இருக்கிறார்கள். 'நான் தினமும் ஆஃப் பண்ணித்தான் வீட்டுக்குப் போறேன்' என்பார்கள். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒரு வசதி இருக்கிறது. ஷட்டவுன் கொடுத்தால் இயங்குதளத்தின் மையப் பகுதியை அப்படியே டிஸ்க்கில் எழுதிவைத்து, மறுநாள் அதையே எடுத்து மேலே போடும். குப்பையும் கூடவே வரும். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் உண்மையில் புதிதாகத் தொடங்கும். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் 'அப் டைம்' என்று இருக்கும். தினமும் அணைக்கிற மெஷினிலும் அது பல நாள்களைக் காட்டுவதைப் பார்க்கலாம்.

அடுத்து, 'உங்களுக்கு மட்டுமா, எல்லாருக்குமா?' பாதிக்கு மேல் கழித்துக் கொடுக்கும் கேள்வி இது. 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. இந்திய நேரப்படி காலை 9.39-க்கு கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரு பழுதான கோப்பு, உலகில் சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்களை நீலத் திரையில் நிறுத்தியது. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். 10.57-க்கு அந்தக் கோப்பு திரும்பப் பெறப்பட்டது. அதற்குப் பிறகு ஆன் செய்த மெஷின்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. விழுந்துவிட்டவற்றில் பலவற்றை ஒவ்வொன்றாக சேஃப் மோடில் ஏற்றி, அந்த ஒரு கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. ஒரே நேரத்தில் இருபது மெஷின் விழுந்தால் இருபதிலும் ரேம் போயிருக்காது. பொதுவான ஒன்றைத் தேட வேண்டும்: ஒரே அப்டேட், ஒரே ரவுட்டர், ஒரே கரண்ட் லைன். நெட் விஷயத்திலும் அப்படியே. செல்போனில் அதே வைஃபையில் ஓடுகிறதா? ஓடினால் லைன் சரி, மெஷினைப் பார். 8.8.8.8 என்ற முகவரிக்கு பிங் போகிறது, பெயர் போட்டால் தளம் திறக்கவில்லை என்றால், பெயரை எண்ணாக்கும் டிஎன்எஸ்ஸில் கோளாறு. ப்ளஸ் டூ ரிசல்ட் நேரத்தில் ஒரு தளம் மட்டும் திறக்கவில்லையென்றால் எதையும் பார்க்க வேண்டாம், டீ குடித்துவிட்டு வரலாம்.

'டிஸ்ப்ளே வரல' புகாருக்கு ரேமைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்துப் போடுவது கிட்டத்தட்டச் சடங்காகவே ஆகிவிட்டது. அது வேலையும் செய்கிறது. ஏன் என்பதில்தான் குழப்பம். ரேமின் தொடுமுனைகளில் இருப்பது மெல்லிய தங்கப் பூச்சு. தங்கம் துருப்பிடிக்காது, அதன்மேல் தூசியும் எண்ணெய்ப் படலமும் படியும், சூடேறி ஆறும் அசைவில் தொடர்பு நழுவும். பல நேரம் கழற்றித் திரும்பச் சொருகியதே குணம் கொடுத்திருக்கும், பேர் மட்டும் ரப்பருக்கு. முதலில் சும்மா கழற்றிச் சொருகிப் பாருங்கள். வரவில்லையென்றால் லேசாகத் தேயுங்கள். அழுத்தித் தேய்த்தால் தங்கம் போய், அடியிலிருக்கும் நிக்கல் வெளியே வரும். அப்புறம் உண்மையிலேயே துருப் பிரச்சினைதான். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தால் எது குணமாக்கியது என்று தெரியாமல் போகும், அடுத்த முறை மீண்டும் இரண்டையும் செய்ய வேண்டும்.

பாகத்தை மாற்றிப் போட்டுப் பார்ப்பதிலும் இதே ஒழுங்கு வேண்டும். நல்ல ரேமைப் போட்டதும் மெஷின் ஓடினால், பழைய ரேமைத் திரும்பப் போட்டு மறுபடியும் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நிற்கவில்லையென்றால் ரேம் நிரபராதி. எஸ்எம்பிஎஸ்ஸுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு: சந்தேகமான எஸ்எம்பிஎஸ்ஸில் நல்ல போர்டைக் கொடுத்துச் சோதிக்கக் கூடாது. நல்ல எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகமான போர்டுக்குக் கொடுக்கலாம்.

'ஸ்லோ' என்ற புகாரில்தான் ஃபார்மட்டின் மாயம் முழுதாகத் தெரிகிறது. நிமிடத்துக்கு 7200 சுற்றுச் சுற்றும் ஹார்டு டிஸ்க் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி நொடி எடுக்கும். ஊசி இடம் மாறும் நேரமும் சேர்த்தால் சிதறிக் கிடக்கும் தகவல்களை நொடிக்கு ஏறத்தாழ 70, 80 முறைதான் அதனால் எடுக்க முடியும். எஸ்எஸ்டி இதை நொடிக்குப் பல்லாயிரம் முறை செய்யும். இன்றைய விண்டோஸ் பின்னணியில் டிஸ்க்கைத் துழாவிக்கொண்டே இருப்பதால், டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் நூறு சதவீதத்தில் நிற்கும், மௌஸ் மட்டும் அசையும். ஃபார்மட் அடித்தால் கோப்புகள் குறைகின்றன, பின்னணியில் ஓடுபவை குறைகின்றன, கொஞ்ச நாள் வேகம் தெரிகிறது. பிறகு எல்லாம் திரும்பி வரும். டிஸ்க்கில் கெட்ட இடங்கள் இருந்தால் இன்னும் மோசம். சாதாரண க்விக் ஃபார்மட் அட்டவணையை மட்டும்தான் புதிதாக எழுதுகிறது, கெட்ட இடத்தைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும், 'ஸ்மார்ட்' என்று பெயர். இலவச மென்பொருள்களால் அதைப் படிக்கலாம். மாற்றியமைக்கப்பட்ட செக்டார், நிலுவையில் உள்ள செக்டார் என்ற இரண்டு எண்ணும் பூஜ்யமாக இருந்தால் நிம்மதி. ஏறிக்கொண்டே போனால் அன்றைக்கே தகவலை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும். டக் டக் என்று சத்தம் வந்தால் அதுவும் செய்யாதீர்கள், உடனே அணையுங்கள். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் ஊசி தட்டில் உரசக்கூடும்.

ஃபார்மட்டால் டிடிபி கடைகள் பட்டபாடு தனி. கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று வருஷக்கணக்கில் சேர்த்த கோப்புகள் எல்லாம் ஃபார்மட்டுக்குப் பிறகு திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளுமாக நிற்கும். 'ஃபைல் கரப்ட் ஆயிருச்சு.' இல்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கம்ப்யூட்டர் சேமித்திருப்பது ஆங்கில எழுத்துகளுக்கான எண்களையே. எழுத்துரு அவற்றின்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்துகிறது. ஃபார்மட்டில் எழுத்துரு போனதும் போர்வை போய்விட்டது, உள்ளே இருப்பது தெரிகிறது. அதே எழுத்துருவைத் திரும்ப நிறுவினால் பத்திரிகை பழையபடி வரும். யூனிகோடில் தமிழுக்கென்றே தனி எண்கள் இருப்பதால் இந்தப் பிரச்சினை இல்லை. தமிழ்நாடு அரசு 2010-இலேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது. ஆனால் அச்சு உலகம் தன் பழைய எழுத்துருக்களை இன்னும் விடவில்லை, விட அவசரமும் படவில்லை. ஆகவே ஃபார்மட் அடித்தே ஆக வேண்டிய நாளில், டாக்குமெண்ட் ஃபோல்டரை மட்டும் காப்பி எடுத்தால் போதாது. ஃபான்ட் ஃபோல்டர், டேலி டேட்டா, பிரிண்டர் டிரைவர், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டு, டெஸ்க்டாப்பில் கிடப்பது எல்லாம் வேண்டும். டெஸ்க்டாப்பில் கிடப்பவை சி டிரைவில்தான் இருக்கின்றன என்பது பலருக்கு ஃபார்மட் முடிந்த பிறகே தெரிகிறது.

இப்போது கடைகளுக்கு வரும் இன்னொரு கூட்டம், பழுதே இல்லாத மெஷின்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றன. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய ப்ராசஸரும் வேண்டும். ஆரம்பகால அரசு லேப்டாப்களுக்கு அந்தத் தகுதி கிடையாது. அவற்றில் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டு, முடிந்தால் ரேமை 8 ஜிபி ஆக்கி, லினக்ஸ் ஏற்றினால் படிப்புக்கும் டைப்பிங்குக்கும் ஆன்லைன் விண்ணப்பங்களுக்கும் இன்னும் சில வருஷம் ஓடும். டேலியோ டிடிபியோ வேண்டுமென்றால் அது போதாது. அந்த வேலைக்கு வேறு மெஷின் பார்க்க வேண்டியதுதான். எஸ்எஸ்டி வாங்கும் முன் லேப்டாப்பைச் சமதரையில் வைத்து டச்பேடைப் பாருங்கள். மேலெழும்பி, அழுத்த முடியாமல் இருந்தால் உள்ளே லித்தியம் பேட்டரி உப்பியிருக்கிறது என்று அர்த்தம். சார்ஜரைப் பிடுங்கி, அணைத்து, குத்தாமல் வளைக்காமல் பேட்டரியை வெளியே எடுக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். எடுத்ததைக் குப்பைத் தொட்டியில் போட வேண்டாம், மின்கழிவு வாங்குபவரிடம் சேர்த்துவிடலாம். பேட்டரி இல்லாமலும் பல லேப்டாப்கள் சார்ஜரில் நேராக ஓடும்; பக்கத்தில் யூபிஎஸ் ஒன்று இருந்தால் நல்லது.